போர்ஷே: வண்டியின் உயரமும் மனிதனின் உயரமும்

கினிகத்தேனையிலிருந்து வட்டவளை, றொசல்ல வழியாக அட்டனை நோக்கி ஏறும் பெருந்தெருவை அறிந்தவர்களுக்கு, மோட்டார் வண்டிக்கு மூச்சு வாங்குவது என்றால் என்னவென்று எடுத்துரைக்க வேண்டியதில்லை. வளைவுக்கு வளைவு ஏற்றம். ஏற்றத்துக்கு ஏற்றம் மழை. பழைய வண்டிகள் பல அந்த ஏற்றத்தில் றேடியேட்டர் கொதித்து, முன்மூடி திறந்தபடி, அருவி நீருக்காகத் தெருவோரத்தில் காத்து நின்றது உண்டு. அவற்றுக்கிடையே நீரே வேண்டாத ஒரு வண்டியும் இருந்தது. முதுகு வளைந்த சின்னஞ்சிறு வண்டி, பின்புறத்தில் யந்திரம், அதைக் குளிர வைப்பது காற்று. அதுவே வொக்ஸ்வாகன். எங்கள் லயத்துச் சிறுவர்கள் அதற்கு ஆமைக்கார் என்று பெயரிட்டிருந்தார்கள். ஆனால் ஏற்றத்தில் அது ஆமையாக இருந்ததில்லை.

அந்த வண்டிகளிற் சில இன்றும் மலையகத்தில் ஓடுகின்றன. பழைய உரிமையாளரிடமிருந்து இளைஞர்கள் வாங்கி, துரு நீக்கி, வர்ணம் பூசி, அருமையாகப் போற்றி வருகிறார்கள். அவர்களுள் ஒரு சாராருக்கு வண்டியைத் தாழ்த்துவதில் பெருவிருப்பம். சக்கரங்கள் மட்கார்டினுள்ளே பாதி மறையும்படி, வண்டியின் வயிறு தரையை நெருங்கும்படி இறக்கி விடுகிறார்கள். அவ்வேலை நடைபெறுவதைக் கராஜ்களில் நின்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைக் குறை கூறுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. எந்தத் தண்டைக் கழற்றித் திருப்புகிறார்களோ அந்தத் தண்டைச் சமைத்த மனிதனின் வரலாற்றை அவர்கள் அறிந்திருத்தல் நன்று என்று எண்ணியே எழுதுகிறேன். அவ்வரலாறு முழுவதுமே ஏற்றமும் இறக்கமுமாக அமைந்தது. தோட்டத்தில் பிறந்த எனக்கு அதிலே ஒரு கேள்வியும் உண்டு.

பேர்டினண்ட் போர்ஷே 1875ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி பொஹீமியா நாட்டில் மாபெர்ஸ்டோர்ப் என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்பிரதேசம் அந்நாளில் ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. இன்று அது செக் குடியரசைச் சேர்ந்தது. தந்தையார் தகர வேலை செய்பவர். தொழிலுக்கு வாரிசாக வேண்டிய மூத்த மகன் பட்டறையில் நேர்ந்த விபத்தில் இறந்துபடவே, அந்தப் பொறுப்பு பேர்டினண்டின் தலையில் விழுந்தது. பகலெல்லாம் தகடு தட்டி, இரவில் பக்கத்து நகரமாகிய ரைஹன்பெர்க்கின் தொழிற்பள்ளிக்குச் சென்று கற்றார். அவரது மனமோ தகரத்தில் இல்லை, மின்சாரத்தில் இருந்தது. 1893இல், தமது 18ஆவது வயதிலே, பெற்றோரின் வீட்டுக்கு மின்விளக்கு அமைத்துக் கொடுத்தார். அதன்பின் தந்தையாரும் அவரைத் தடுக்கவில்லை. அவ்வாண்டே வியன்னா மாநகருக்குச் சென்று ஒரு மின்சாரக் கம்பனியில் சேர்ந்தார்.

அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். வியன்னாவில் வேலை முடிந்த நேரங்களில் தொழில்நுட்பக் கல்லூரியின் விரிவுரை மண்டபத்துள் அனுமதியின்றி நுழைந்து, பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக் கற்றவர். பிற்காலத்தில், 1917ஆம் ஆண்டில், அதே வியன்னாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. கதவுக்கு வெளியே நின்று கற்றவன் உள்ளே அழைக்கப்பட்டு மாலை சூட்டப்படுவது எங்கும் அரிதாக நிகழ்வது. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துபோன பிள்ளைகளை நிறையக் கண்ட எனக்கு, அவர் வாழ்வில் மிக உவப்பான பகுதி இதுவே.

1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் லோனர் என்னும் வண்டிக் கம்பனி ஒரு புதுமையான மின்சார வண்டியை வைத்தது. சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மின்மோட்டார் அமைந்திருந்த அவ்வண்டியைச் சமைத்தவர் 24 வயது நிரம்பிய போர்ஷே. 1906இல் அவர் ஆஸ்ட்ரோ டைம்லர் கம்பனியின் தொழில்நுட்பத் தலைவரானார். 1910இல் இளவரசர் ஹைன்ரிஹ் பெயரால் நடந்த புகழ்பெற்ற ஓட்டப் போட்டியில், தாம் வரைந்த வண்டியைத் தாமே ஓட்டி முதற்பரிசு பெற்றார். 1923இல் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குப் பெயர்ந்து டைம்லர் கம்பனியின் உயர்பதவி ஏற்றார். அங்கே அவர் கைப்பட்ட மெர்ஸிடிஸ் ஓட்ட வண்டிகள் உலகப் புகழ் ஈட்டின.

ஆயினும் அவர் உள்ளத்தில் வேறொரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. செல்வருக்கு மட்டுமன்றிச் சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டும் சிறிய வண்டி அது. பெரிய கம்பனிகளுக்கு அது பிடிக்கவில்லை. பிணக்குகள் தோன்றின, பதவிகள் கைமாறின. 1931ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஸ்டுட்கார்ட்டில் தமக்கென ஒரு வரைபட அலுவலகத்தைப் பதிவு செய்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவ்வலுவலகம் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. நம் இளைஞர்கள் இன்று கராஜிலே கழற்றுகின்ற பொருள் அதுதான்: முறுக்குத் தண்டு.

அது யாதென்று சிறிது விளக்குவேன். வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்கு அந்நாளில் பெரும்பாலும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய வில்தகடுகளையே பயன்படுத்தினார்கள். அவை பாரமானவை, இடத்தையும் அடைப்பவை. ஓர் ஈரத்துணியை இருவர் இரு முனைகளிலும் பிடித்து முறுக்கினால், பிடி தளர்ந்ததும் அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப முயலும் அல்லவா? உருக்குத் தண்டும் அப்படித்தான். அதன் ஒரு முனையை அசையாது பொருத்திவிட்டு, மறுமுனையில் ஒரு கையைப் பூட்டி, அக்கையின் நுனியிலே சக்கரத்தை வைத்தால், சக்கரம் மேடேறும்போது தண்டு முறுகும்; பள்ளத்தில் இறங்கும்போது நிமிரும். இவ்வெண்ணம் முன்னரும் சிலருக்கு இருந்ததுண்டு. எனினும் அதைக் குறுக்கே ஓடும் குழாய்க்குள் மறைத்து, சேறும் கல்லும் அணுகாதபடி, மலிவான சிறு வண்டிக்கும் பொருந்தும்படி அமைத்த பெருமை போர்ஷேயின் அலுவலகத்துக்கே உரியது.

வொக்ஸ்வாகனின் முன்புறத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரு குழாய்கள். அவற்றுள் மெல்லிய உருக்குப் பட்டைகளின் கட்டுகள். பின்புறத்தில் ஒரு குழாய். அதனுள் வலத்துக்கொன்று, இடத்துக்கொன்றாக இரு உருண்டைத் தண்டுகள். பின் தண்டின் இரு முனைகளிலும் பற்கள் உண்டு. உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. இந்த வேற்றுமை காரணத்தோடு வைக்கப்பட்டது. உள்முனையை ஒரு பல் திருப்பினால் 9 பாகை. வெளிமுனையை ஒரு பல் திருப்பினால் 8 பாகைக்குச் சற்று மேல். உள்முனையை ஒரு பக்கமும் வெளிமுனையை எதிர்ப்பக்கமும் ஒவ்வொரு பல் திருப்பினால், எஞ்சும் வித்தியாசம் ஒரு பாகைக்கும் குறைவு. ஆகவே வண்டியின் உயரத்தை மிக நுட்பமாகக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. தண்டை வெட்ட வேண்டியதில்லை, சூடேற்ற வேண்டியதில்லை. உயரம் என்பது பொருளிலேயே முடிந்த முடிபன்று. அதைத் திருப்பி வைக்கும் கையைப் பொறுத்தது. போர்ஷேயின் பிற்கால வாழ்வை ஆராயும் எவருக்கும் இவ்வுண்மை அடிக்கடி நினைவுக்கு வரும்.

சொந்த அலுவலகம் தொடங்கிய பின்னும் சிறு வண்டி கைகூடவில்லை. மோட்டார் சைக்கிள் செய்யும் இரு கம்பனிகள் அடுத்தடுத்து முன்வந்து, மாதிரிகள் செய்து பார்த்து, பின்வாங்கின. 1933இல் என்.எஸ்.யூ. கம்பனிக்காகச் செய்த மாதிரியில் காற்றால் குளிரும் நாலு சிலிண்டர் யந்திரமும் முறுக்குத் தண்டுகளும் இருந்தன. ஆமையின் சாயல் அதிலேயே தெரிந்தது. இங்கே நியாயம் கருதி வேறு இருவரையும் நினைவுகூர வேண்டும். செக்கோஸ்லவாக்கியாவில் டட்ரா வண்டிகளைச் சமைத்த ஹான்ஸ் லெட்விங்கா ஒருவர். சிறு வண்டிக்காகப் பத்திரிகையில் எழுதியும் தாமே ஒன்றைச் சமைத்தும் போராடிய யோசெப் கான்ஸ் மற்றவர். லெட்விங்காவின் கம்பனிக்கு வொக்ஸ்வாகன் நிறுவனம் யுத்தத்துக்குப் பின்னர் பணம் கொடுத்து வழக்கைத் தீர்க்க நேர்ந்தது. கான்ஸ் யூதராகையால் ஜேர்மனியை விட்டே ஓட வேண்டியதாயிற்று. 1967இல் ஆஸ்திரேலியாவில் காலமானார். ஒரு மேதையின் பெயரால் விளங்கும் பொருளில் வேறு பலரின் அறிவும் கலந்திருத்தல் உலக வழக்கம்.

போர்ஷே எதிர்பார்த்திருந்த பணமும் அதிகாரமும் 1933இல் ஆட்சிக்கு வந்த ஹிட்லரின் வடிவில் வந்தன. 1934 ஜனவரியில் மக்கள் வண்டி பற்றிய தமது திட்டத்தை அவர் அரசாங்கத்துக்குச் சமர்ப்பித்தார். ஜூன் மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம்; 100 கிலோமீற்றருக்கு 7 லீற்றர் பெற்றோல்; குளிர்காலத்தில் உறையாத காற்றுக் குளிர்ச்சி; நால்வர் அமரும் இடம்; விலையோ 1,000 மார்க்குக்குள். இவை கட்டளைகள். பேரரசு உடைந்த 1918ஆம் ஆண்டுக்குப் பின் போர்ஷே செக்கோஸ்லவாக்கியக் குடிமகனாக இருந்தார். சர்வாதிகாரியின் வண்டியை அந்நியன் சமைப்பது பொருந்தாதென்று 1934இலேயே அவர் ஜேர்மானியக் குடிமகனாக்கப்பட்டார். ஆட்சியாளரின் விருப்பம் ஒருவனைக் குடிமகனாக்குவது எத்துணை எளிது என்று எண்ணிப் பார்க்கிறேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தோரின் வழிவந்தவர்களுக்கு, இச்செய்தியைப் படித்து எளிதில் கடந்து போக முடியாது.

1936இன் இறுதியில் மூன்று மாதிரி வண்டிகள் ஒவ்வொன்றும் 50,000 கிலோமீற்றர் ஓட்டிச் சோதிக்கப்பட்டன. 1937இல் போர்ஷே நாஜிக் கட்சியில் அங்கத்தவரானார். 1938 மே 26ஆம் திகதி பெருந்தொழிற்சாலைக்கு ஹிட்லர் அடிக்கல் நாட்டினார். வாரந்தோறும் 5 மார்க் முத்திரை வாங்கி ஒட்டினால் வண்டி கிடைக்கும் என்று மக்களுக்கு வாக்களிக்கப்பட்டது. 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் நம்பிச் சேமித்தார்கள். அத்திட்டத்தின்படி ஒருவருக்காவது வண்டி கிடைத்ததில்லை. யுத்தம் வந்துவிட்டது.

வண்டியைத் தாழ்த்த விரும்பும் நண்பர்கள் இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கலாம். வொக்ஸ்வாகனை முதன்முதல் தாழ்த்தியது போர்ஷேயின் அலுவலகமே. 1939 செப்டெம்பரில் பேர்லினிலிருந்து ரோமாபுரிக்கு ஓட்டப் போட்டியொன்று நடத்த ஏற்பாடாகியிருந்தது. அதற்காக மக்கள் வண்டியின் உறுப்புகளையே கொண்டு, தாழ்ந்து நீண்டு காற்றைக் கிழிக்கும் மூன்று வண்டிகள் திட்டமிடப்பட்டன. யுத்தத்தால் போட்டி நடைபெறவில்லை. அடுத்து அதே வண்டி உயர்த்தப்பட்டது. சேற்றிலும் மணலிலும் படைவீரரைச் சுமப்பதற்காகப் பின்சக்கரத்தருகே பற்சக்கரப் பெட்டிகள் வைத்து மேலே தூக்கி, கியூபல்வாகன் என்னும் இராணுவ வண்டியாக்கினார்கள். அவ்வகையில் ஏறக்குறைய 50,000 வண்டிகள் செய்யப்பட்டன. குடும்பத்துக்கென ஓர் உயரம், ஓட்டத்துக்கென ஓர் உயரம், யுத்தத்துக்கென ஓர் உயரம். அடிப்படையோ ஒன்றே.

யுத்த காலத்தில் அத்தொழிற்சாலையில் உழைத்தவர் யார்? இதுவே நான் முன்னர் குறிப்பிட்ட கேள்வி. போலந்திலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்கள், போர்க் கைதிகள், வதைமுகாம்களில் அடைபட்டவர்கள் என ஏறத்தாழ 20,000 பேர் அங்கே கட்டாய வேலை செய்தனர் என்று பிற்கால ஆராய்ச்சிகள் கூறுகின்றன. தொழிற்சாலையின் தலைமை நிர்வாகத்தில் போர்ஷேயும் அவருடைய மருமகன் அன்டன் பியெஹும் இருந்தார்கள். கட்டாயத் தொழிலாளப் பெண்களின் கைக்குழந்தைகள் தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தொழிற்சாலை நடத்திய ஒரு விடுதியில் வைக்கப்பட்டன. ரூஹன் என்னும் ஊரிலிருந்த அந்த விடுதியில் 300க்கு மேற்பட்ட குழந்தைகள் பராமரிப்பின்றி மாண்டன. பொறுப்பாக இருந்த வைத்தியர் யுத்தத்தின் பின் பிரித்தானிய இராணுவ நீதிமன்றத்தால் மரண தண்டனை பெற்றார்.

நம் தோட்டங்களிலே பிள்ளைக்காம்பரா உண்டு. கைக்குழந்தையை அங்கே ஒப்படைத்துவிட்டு, கூடையைத் தலையில் மாட்டி மலையேறும் தாயின் மனம் எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம். மாலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பலாம் என்ற உறுதியாவது அவளுக்கு உண்டு. ரூஹனில் அதுவும் இல்லை. இரண்டையும் ஒன்றென்று நான் கூறவில்லை. ஆனால் உழைப்பவளின் துயரம் எங்கே தொடங்குகிறது என்பதை எங்கள் மக்கள் எளிதில் உணர்வார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் விழுந்ததா என்பதே அன்றைய கூலியைத் தீர்மானிக்கும். செக்ரோலில் பேர் இல்லையேல் உழைப்பு இல்லை. அந்தத் தொழிற்சாலையின் புகழ் வரலாற்றிலும் நெடுங்காலம் அந்த ஆயிரமாயிரம் பேருக்குப் பேர் விழவில்லை.

இதில் போர்ஷேயின் பங்கு யாது? அவர் கொடூர சுபாவமுடையவர் என்று வரலாறு சொல்லவில்லை. யந்திரத்தையன்றி வேறொன்றையும் காணாத மனிதர் என்றே சொல்கிறது. தொழிற்சாலை எழவேண்டும், வண்டி ஓடவேண்டும். அதற்குக் கை வேண்டும். அந்தக் கைகள் எவ்வாறு கொண்டுவரப்பட்டன என்பதை அவர் அறியாதவரல்லர். வதைமுகாம் உழைப்பைப் பெறுவதற்கு அதிகாரிகளை அணுகியவர்களுள் அவரும் ஒருவர். அனுமதியின்றி நுழைந்து கற்ற அந்த ஏழை இளைஞன், தன் வாசலுக்கு இழுத்து வரப்பட்ட ஏழைகளைக் காணாதிருந்தான் என்பதே அவ்வாழ்வின் பெரும் வீழ்ச்சி.

1945 டிசெம்பரில் பிரெஞ்சு அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள். ஏறத்தாழ 20 மாதம் சிறையிலிருந்தார், உடல் நலிந்தது. மகன் பெரி போர்ஷே ஓர் இத்தாலியக் கம்பனிக்கு ஓட்ட வண்டி வரைந்து கொடுத்துப் பெற்ற பணம் பிணைக்கு உதவிற்று. 1947 ஆகஸ்டில் விடுதலையானார். பியூஜோ தொழிற்சாலை தொடர்பாகச் சாட்டப்பட்ட குற்றங்களிலிருந்து பின்னர் விடுவிக்கப்பட்டார். கட்டாய உழைப்புக்காக எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை. 1948 ஜூன் மாதத்தில் ஆஸ்திரியாவின் கிமுண்ட் என்னும் ஊரில், மகனின் முயற்சியால், போர்ஷே என்ற பெயர் தாங்கிய முதல் வண்டி வெளிவந்தது. வொக்ஸ்வாகனின் உறுப்புகளால் அமைந்து தாழ்ந்து ஓடிய வண்டி அது.

குண்டுகளால் சிதைந்த தொழிற்சாலையை மேஜர் ஐவன் ஹேர்ஸ்ட் என்னும் பிரித்தானிய அதிகாரி மீண்டும் இயங்கச் செய்தார். 1950 நவம்பரில் போர்ஷே அங்கே சென்றபோது, தெருவெங்கும் தம் வண்டிகள் ஓடுவதைக் கண்டார். அம்மாதமே அவரைப் பக்கவாதம் தாக்கிற்று. 1951 ஜனவரி 30ஆம் திகதி ஸ்டுட்கார்ட்டில், 75ஆவது வயதில் காலமானார். அவ்வண்டியோ 1972இல் போர்ட் கம்பனியின் புகழ்பெற்ற டி மாதிரியின் எண்ணிக்கையைக் கடந்தது. 2003 ஜூலையில் மெக்ஸிக்கோவில் கடைசி வண்டி வெளிவந்தபோது மொத்தம் 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1998இல் அந்நிறுவனம் கட்டாயத் தொழிலாளருக்காக 2 கோடி மார்க் நிதியமொன்றை நிறுவிற்று. அதற்குள் 50 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. அன்று உழைத்தவருள் பலர் அதைக் காண உயிரோடில்லை.

இனி, வண்டியைத் தாழ்த்துவோருக்குச் சில வார்த்தை. தண்டைக் கழற்றுமுன் அதன் பழைய நிலையைக் கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது பாரத்தின்கீழ் முறுகி நிற்கிறது, பூட்டை விடுவிக்கும்போது தகட்டுக்கை பெருவிசையோடு துள்ளும், எதிரே நிற்கலாகாது. பற்களை எண்ணித் திருப்புங்கள், தண்டை வெட்டாதீர்கள். பழைய ஊஞ்சல் அச்சு வண்டியில் பின்பகுதி தாழ்ந்தால் சக்கரங்களின் தலை உள்நோக்கிச் சாயும். ஓரளவு சாய்ந்தால் வளைவுகளில் நிலைப்பு மிகும். மிஞ்சினால் டயரின் உட்கரை தேயும். சக்கரம் மேலெழ இடமின்றி வண்டி இடிக்கும். வொக்ஸ்வாகனின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே உள்ளது ஏறத்தாழ 6 அங்குலமே. எங்கள் தோட்டத்துக் கல்தெருக்களுக்கும் மதகு மேடுகளுக்கும் அந்த 6 அங்குலமும் வேண்டியிருக்கிறது. அட்டன் பெருந்தெருவுக்கு ஏற்ற தாழ்வு வேறு. லயத்து வாசல்வரை செல்லும் பாதைக்கு ஏற்ற உயரம் வேறு.

போர்ஷேயை நான் வெறுக்கவில்லை, வணங்கவும் மாட்டேன். அவருடைய முறுக்குத் தண்டு மனித அறிவின் அழகிய விளைவுகளுள் ஒன்று. அதைக் கையில் எடுக்கும் இளைஞர்கள் அவரது பெயரைச் சொல்வார்கள்; சொல்லட்டும். அப்பெயரோடு, பேர் விழாமற்போன அந்த 20,000 பேரையும் தாயின் மடிக்குத் திரும்பாத அந்தக் குழந்தைகளையும் ஒருமுறை நினைத்தல் கடன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களாகிய நாம் அக்கடனை மறப்பதற்கில்லை.